ஆணி அடிப்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்து

கேள்வி: சென்னையில் ஒரு சிறிய தனியார் கேலரியில் நானும் நண்பரும் இரண்டு வாரத்துக்குக் கண்காட்சி வைக்கிறோம். 18 அக்ரிலிக் கேன்வாஸ், நாலு காகித ஓவியம், ஒரு வீடியோ. சுவரும் விளக்கும் கேலரிக்காரருடையது, மாட்டுவது எங்கள் பொறுப்பு. திறப்புக்கு முந்தின நாள் மாட்டினால் போதுமா?

போதாது. மூன்று நாள் கேளுங்கள். கேலரிக்காரர் இழுத்தடித்தால் இரண்டரைக்காவது மல்லுக்கட்டுங்கள். "மாட்டுறதுல என்ன இருக்கு, ஆணி அடிச்சா முடிஞ்சுது" என்று சொல்லும் ஆள் ஒவ்வொரு கண்காட்சியிலும் ஒருவர் இருப்பார். திறப்பு நாள் ஆறு மணிக்கு விருந்தாளி வாசலில் நிற்க, ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருப்பவரும் அவரேதான்.

18 படம் என்றதுமே நிலைமை புரிகிறது. வரைந்த எதையும் விட்டுவிட மனசில்லை. சென்னையில் சிறிய கேலரி என்றால் பெரும்பாலும் 20க்கு 30 அடி அறை. சுற்றளவு 100 அடி. அதில் கதவு, தெருப்பக்கக் கண்ணாடி, ஏசி, ஸ்விட்ச் போர்டு, கேலரிக்காரரின் மேஜை எல்லாம் போனால் 60 அடி தேறும். உங்கள் கேன்வாஸ் சராசரி மூன்று அடி அகலம் என்று வைத்தால் 18க்கு 54 அடி போய்விடும். மீதி ஆறு அடியில் 18 படத்துக்கும் நடுவே இடம் விடுவது எப்படி? 12 போடுங்கள். மீதி ஆறைக் கேலரியின் பின்னறையில் சுவரில் சாய்த்து வையுங்கள். வாங்க வருகிறவர் "வேறு இருக்கா" என்று கேட்பார், அப்போது எடுத்துக் காட்டலாம். (அடர்த்தியாக, கூரை வரை மாட்டுவதும் ஒரு முறைதானே என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். முறைதான். அதற்கு முழுச் சுவரையும் ஒரே படமாக யோசித்துத் திட்டமிட வேண்டும். இடம் பத்தாமல் நெருக்குவது வேறு கதை.)

முதல் நாள் முழுக்க சுவருக்கு. பளபளக்கும் பெயின்ட் இருந்தால் விளக்கு அதில் எதிரொளித்துக் கண்ணைக் குத்தும். டிஸ்டெம்பர் இருந்தால் இன்னும் மோசம், ஃப்ரேமின் பின்பக்கமும் பார்க்க வருகிறவர் தோளும் வெள்ளையாகும். மேட் எமல்ஷன்தான் வேண்டும். முந்தின கண்காட்சியின் ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, அதே வாளிப் பெயின்டால் தொட்டுவிட வேண்டும். புதிதாக வாங்கிய வெள்ளை பழைய வெள்ளையோடு சேராது, விளக்குப் போட்டதும் தேமல் மாதிரி தெரியும். அதனால் எப்போதும் ஒரு லிட்டர் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்த அன்றே படம் மாட்டாதீர்கள். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் ஃப்ரேம் அழுந்துகிற இடத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் கழித்து உரிந்து வரும்.

ஐப்பசி கார்த்திகையில் கண்காட்சி என்றால் மழைச் சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ அது ஓதம் அடித்த சுவர். காகித ஓவியங்களை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எந்தச் சுவராக இருந்தாலும் ஃப்ரேமின் கீழ் மூலைகளில் பின்னால் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டினால் காற்றுப் போக இடம் கிடைக்கும், படமும் கோணாது. காகிதம் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்ற ஏற்பாடு கேன்வாஸுக்கும் பகை. ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கித் துணி தளர்ந்து அலை விழும். பின்னால் சட்டத்து மூலையில் ஆப்பு வைக்கும் வசதி இருந்தால் லேசாகத் தட்டி இழுத்துக்கொள்ளலாம். மூலையை ஆணியடித்து முடித்த மலிவுச் சட்டத்தில் அதற்கு வழியில்லை.

இனி உயரம். எல்லாப் படங்களின் மேல் விளிம்பையும் ஒரே கோட்டில் வைப்பது வீட்டு ஹாலில் காலண்டர் மாட்டும் பழக்கம். கேலரியில் படத்தின் நடுப்புள்ளியைத்தான் ஒரே கோட்டில் வைப்பார்கள், தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். நம் ஊர் ஆட்களின் உயரத்துக்கு 57 சரி. ஒரு எண்ணைப் பிடித்தால் முழு அறைக்கும் அதேதான்.

தரையிலிருந்து எந்த உயரத்தில் கொக்கி என்பதற்குக் கணக்கு இது: 57, அதோடு படத்தின் உயரத்தில் பாதி, அதிலிருந்து படத்தின் பின்னால் கட்டிய கம்பி மேல் விளிம்புக்குக் கீழே நிற்கும் தூரத்தைக் கழிக்க வேண்டும். 30 அங்குலப் படம், கம்பி 4 அங்குலம் கீழே என்றால் 57 + 15 - 4 = 68. தப்பு நடக்கும் இடம் அந்த 4-இல்தான். முக்கால்வாசிப் பேர் ஒரு விரலால் கம்பியைத் தூக்கி அளப்பார்கள், கம்பி கூரை மாதிரி கூம்பும். மாட்டப்போவது இரண்டு கொக்கியில், அங்கே கம்பி நடுவில் தட்டையாக நிற்கும். அதனால் கொக்கிகள் எவ்வளவு தள்ளி இருக்குமோ அவ்வளவு தள்ளி இரண்டு விரலை வைத்துத் தூக்கி அளக்க வேண்டும். பெரிய படத்தில் வித்தியாசம் முக்கால் அங்குலம் வரை போகும். பக்கத்துப் படத்தோடு பார்க்கும்போது கண்ணில் படாமல் இருக்காது. இன்னொன்று, 68 என்பது கொக்கியின் வளைவுக்கு. திருகு போகும் ஓட்டைக்கு இல்லை. கொக்கியைக் கையில் பிடித்து அந்த இடைவெளியைக் கூட்டிக்கொண்டு பென்சில் வையுங்கள்.

ஏன் இரண்டு கொக்கி? ஒன்றில் மாட்டினால் மெட்ரோ வேலை, லாரி, கதவைச் சாத்துவது என எதற்கும் படம் மெல்லச் சாயும். தினமும் காலையில் ஒருவர் ரசமட்டம் வைத்துச் சரிசெய்ய வேண்டிவரும். கம்பியைக் கட்டும் டி-ரிங்குகளை (D வடிவ வளையங்கள்) மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் திருகுங்கள், கம்பி முறுக்குக் கம்பியாக இருக்கட்டும். நைலான் மீன் நரம்பு வேண்டவே வேண்டாம். பாரத்தில் நாளாக நாளாக நீளும்.

இடைவெளிக்கும் மனக்கணக்கு உண்டு. 24 அடிச் சுவர் என்றால் 288 அங்குலம். 36 அங்குலப் படம் ஐந்து, அதாவது 180. மீதி 108-ஐ ஆறாகப் பிரித்தால் 18, 18 என்று வரும். கணக்கு சரி, ஆனால் கடைசிப் படங்கள் மூலைக்குள் ஒதுங்கினது போல இருக்கும். இரண்டு ஓரத்திலும் 24 விட்டு, நடுவில் நாலு இடைவெளியை 15, 15 ஆக்குங்கள். அதே 108, சுவர் மூச்சு விடும். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது என்பதைத் தரையில் படங்களைச் சாய்த்து வைத்து முடிவு செய்யுங்கள். சுவரில் ஓட்டை போட்ட பிறகு மனசு மாறினால் திரும்பப் பட்டி, உப்புத்தாள், பெயின்ட் என்று முதல் நாளுக்கே போக வேண்டும்.

துளை: செங்கல் சுவரில் 6 மி.மீ. பிட், அதே அளவு பிளக், 35 மி.மீ. திருகு. மேல்பூச்சு மட்டுமே அரை, முக்கால் அங்குலம் இருக்கும், அதற்குள்ளேயே பிளக் நின்றுவிட்டால் பாரம் தாங்காது, பூச்சோடு பெயர்ந்து வரும். 45 மி.மீ. ஆழம் போக வேண்டும். பிட்டில் அந்த அளவில் மாஸ்கிங் டேப் சுற்றிவிட்டால் ஆழம் தானாகத் தெரியும். துளைக்கு ஒரு விரல் கீழே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரைத் திறந்த வாயாக டேப்பால் ஒட்டுங்கள். சிவப்புத் தூள் மொத்தமும் அதற்குள் விழும், வெள்ளைச் சுவரில் செங்கல் கண்ணீர் வடியாது. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் பக்கத்திலும் துளைக்காதீர்கள், வயர் அந்தக் கோட்டில்தான் ஓடும். ஜிப்சம் போர்டு தடுப்புச் சுவராக இருந்தால் பின்னால் பிளைவுட் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் போர்டு கனமான படத்தைத் தாங்காது. கூரையிலிருந்து ஏதாவது தொங்கவிடும் ஆசை இருந்தால், ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் கட்டவே கூடாது. காங்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு அதிலிருந்து இறக்க வேண்டும்.

விளக்குக்கு ஒரு முழு மாலை வேண்டும், இருட்டிய பிறகு. ஒளி மேலிருந்து சுமார் 30 டிகிரி சாய்ந்து விழ வேண்டும். நேராக விழுந்தால் ஃப்ரேமின் நிழல் படத்தில் மீசை வரையும், அதிகம் சாய்ந்தால் பார்க்கிறவர் தலை நிழல் விழும், கண்ணாடி மின்னும். பத்தடிக் கூரையில் விளக்கின் முகம் 113 அங்குலத்தில் என்று வைத்தால், 113-இல் 57 போக 56, அதை 0.577-ஆல் (30 டிகிரிக்கான டேன்ஜென்ட்) பெருக்கினால் 32 அங்குலம். விளக்குகளை மாட்டும் டிராக் சுவரிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். கேலரியின் டிராக் வேறு தூரத்தில் பதித்திருந்தால் வேறு வழியில்லை, கோணத்தில் சமாளிக்க வேண்டியதுதான். எல்.இ.டி. பல்பில் 3000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். மலிவு பல்பில் சிவப்பு செத்துக் காவியாகும், உங்கள் படத்துக்கு நீங்களே துரோகம். காகித ஓவியத்துக்கு வெளிச்சம் 50 லக்ஸ், கேன்வாஸுக்கு 150 முதல் 200. வெளிச்சம் அளக்கும் ஃபோன் ஆப் துல்லியமில்லை, ஆனால் எந்தப் படம் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு வெளிச்சத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். அது போதும்.

வீடியோவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புரொஜெக்டரின் த்ரோ விகிதத்தை, அதாவது தூரத்துக்கும் பட அகலத்துக்கும் உள்ள விகிதத்தை, பட அகலத்தால் பெருக்குங்கள். 1.5 விகிதம், 8 அடிப் படம் என்றால் 12 அடி தள்ளி வைக்க வேண்டும். இருபதடி அறையில் நடுவில் போய் நிற்கும், அதனால் கூரையில் மாட்டுங்கள். லேப்டாப்பில் ஓட்டாதீர்கள், திறப்பு நேரத்தில் அப்டேட் கேட்கும். பென் டிரைவும் சின்ன மீடியா பிளேயரும் போதும். கரன்ட் போய் வந்தால் தானாக ஓட ஆரம்பிக்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பெயர் அட்டை. தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. 5 மி.மீ. சன்போர்டில் ஒட்டி படத்தின் வலது கீழ்ப்பக்கம். இதெல்லாம் எல்லோரும் செய்கிறார்கள். தமிழில் ஒரு வரி போட மட்டும் யாருக்கும் கை வருவதில்லை. படத்தை ஏற்றிவந்த வண்டிக்காரர், ஏணியைப் பிடித்து நின்ற உதவியாளர், பத்து மணியிலிருந்து ஏழு மணி வரை அந்தப் படங்களோடு தனியாக உட்கார்ந்திருக்கும் காவலாளி, மற்ற யாரையும்விட அதிக நேரம் பார்க்கிறவர்கள் இவர்கள்தான். அவர்களுக்குத் தலைப்பு என்னவென்றே தெரியாது. சரி, தமிழில் போடலாம் என்று பிரிண்டிங் கடைக்குப் போனால், அவர்களுடைய மென்பொருள் பழசு. "கோ" என்ற எழுத்து மூன்று துண்டாக, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக அச்சாகி வரும். கடைக்காரர் "தமிழ்னா அப்படித்தான் சார் வரும்" என்பார். வராது. எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி பி.டி.எஃப். கொடுங்கள், கொடுத்தபடியே வரும். தலைப்பை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை, காவலாளிக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் போடுங்கள் என்கிறேன். இதைச் சொன்னால் மொழி அரசியல் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

பணம்: கமிஷன் 30 முதல் 50 சதவீதம் வரை கேட்பார்கள். சதவீதத்தைவிட முக்கியம், விற்ற எத்தனை நாளில் உங்கள் பங்கு வரும், தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கிலிருந்து, சேதமானால் யார் பொறுப்பு. மூன்றையும் படப் பட்டியலோடு ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-இலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. கேலரியின் கமிஷன் சேவைக் கணக்கில் 18. பழைய பில் வடிவத்தையே நீட்டினால் கேளுங்கள். விலையைப் பற்றிப் பேசினால் கலை கெட்டுவிடும் என்று கூசவும் வேண்டாம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள் விற்ற காசில்தான்.

திறப்பு ஞாயிறு மாலை என்றால் ஆறு மணிக்கு வையுங்கள். நாலரை முதல் ஆறு ராகு காலம், நம்பாதவரும் அந்த நேரத்தில் காசோலை எழுதத் தயங்குவார். குத்துவிளக்கு வைத்தே ஆகவேண்டும் என்றால் வாசலில் வையுங்கள். எண்ணெய்ப் புகையும் கேன்வாஸும் ஒரே அறையில் வேண்டாம்.

படங்களைக் கழற்றி இறக்கும் நாளில்தான் அக்ரிலிக் பழி வாங்கும். சென்னை வெயிலில் பெயின்ட் இளகியே இருக்கும். முகத்தோடு முகம் வைத்துக் கட்டினால் ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். பபிள் ஷீட் நேராகச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தழும்பு பதியும், அது போகாது. முதலில் வழுவழுப்பான கிளாசின் தாள், கிடைக்காவிட்டால் நல்ல பட்டர் பேப்பர், அதற்கு மேல் பபிள் ஷீட், குமிழ் வெளிப்பக்கம். மூலைக்கு அட்டை. வண்டியில் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள், மூடிய வண்டியாக நிழலில் நிற்கட்டும். அடுத்தவருக்குச் சுவரைக் கொடுக்கும் முன் உங்கள் ஓட்டைகளுக்கு நீங்களே பட்டி பாருங்கள். அந்த ஒரு லிட்டர் பெயின்ட் மீதி இருந்தால் மூடியில் தேதி எழுதி கேலரியிலேயே விட்டுவிடுங்கள்.