ஏன் செய்கிறார்கள்? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சிங்கப்பூரில் சிறைக் கைதிகளோடு உளவியலாளராகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். பாலியல் குற்றம் எப்படி முளைக்கிறது என்ற ஆராய்ச்சியைப் பற்றிக் கேளுங்கள். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குகள் வேண்டாம்.

செங்காங் அம்மா: அக்கா, என் மகனுக்கு 9 வயதில் டியூஷன் வாத்தியார் ஒருவரால் கெட்டது நடந்தது. இப்போது 14. "பட்டவன் நாளைக்கு அதையே செய்வான்" என்கிறார் மாமியார். தங்கச்சி பிள்ளைகளோடு விளையாட விடவே பயமாக இருக்கிறது.

விளையாட விடுங்கம்மா. சிறைக்குள் போய் "சின்ன வயதில் உங்களுக்கு நடந்ததா?" என்று கேட்டால் ஆமாம் என்பவர்கள் நிறையவே இருப்பார்கள். அதே கொடுமையைப் பட்டுவிட்டு, தோ பாயோவில் குடும்பத்தோடு நிம்மதியாக இருப்பவரிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. அமெரிக்காவில் கேத்தி விடம் (Cathy Widom) என்ற உளவியல் ஆய்வாளர் கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்கினார். 1967 முதல் 1971 வரை கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றத்தில் பதிவான 908 குழந்தைகள், அவர்களை ஒத்த மற்ற 667 பேர். வளர்ந்த பிறகும் பல வருடம் பின்தொடர்ந்தார். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பாலியல் குற்றத்துக்காகக் கைதானது மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகமில்லை. அடி உதை வாங்கியவர்களிடமும் கவனிப்பாரற்று வளர்ந்தவர்களிடமும்தான் அது கூடியிருந்தது. உங்கள் மகனுக்கு வேண்டியது ஆலோசனை, காவல் அல்ல.

யீஷூன் ராஜா: ரத்தத்திலேயே ஊறியதா?

கொஞ்சம் இருக்கலாம். 2015இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் சகோதரர்களில் நூற்றுக்கு 2.5 பேரும் தண்டனை பெற்றிருந்தார்கள். மற்ற ஆண்களில் 0.5. "ஐந்து மடங்கு" என்று தலைப்புப் போடலாம். மீதி 97 சொச்சம் அண்ணன் தம்பிகளுக்குத் தலைப்பு கிடையாது.

நேயர்: எம்ஆர்டி ரயில் நிலைய மின்படியில் பெண்களைத் திருட்டுத்தனமாகப் படமெடுக்கப் போனை நீட்டுகிறவன் "திடீரென்று புத்தி கெட்டுப்போச்சு" என்கிறானே?

நானும் இதைக் கேட்டுச் சலித்துவிட்டேன். நான் கேட்கும் முதல் கேள்வி: "கேமரா சத்தத்தை எப்போது அணைத்தீர்கள்?" பெரும்பாலும் வீட்டிலேயே. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்கு டேவிட் ஃபின்கெல்ஹோர் என்ற சமூகவியலாளர் 1984இல் நான்கு படி சொன்னார்: ஆசை, மனத்தடையைத் தாண்டுவது, வெளித்தடையைத் தாண்டுவது, பிள்ளையின் எதிர்ப்பை முறிப்பது. முதல் மூன்றும் இங்கேயும் உண்டு. "யாருக்கும் வலிக்கப் போவதில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறானே, அதுதான் இரண்டாம் படி. சிகிச்சையில் பாதிப் பொழுது அங்கேயே போகும்.

நேயர்: 2020 முதல் இப்படித் திருட்டுத்தனமாகப் படமெடுப்பது தனிக் குற்றம், பிரம்படியும் உண்டு. பயமில்லையா?

மாட்டுவோம் என்று நினைப்பவனுக்குத்தான் பயம் வரும்.

செங்காங் அம்மா: இதை மாமியாரிடம் காட்டட்டுமா?

காட்டுங்கள். மகன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.