கான்ஜுரிங் 2 உங்களுக்கு இழுவையாகத் தோன்றுவது ஏன்?

இந்தப் பேய்ப் படத்தின் முதல் பாகம் உலுக்கியது, இரண்டாவது பகலில் போனில் பார்த்தபோது சப்பென்று இருந்தது என்கிறீர்கள். படம் மோசம் இல்லை, நீளம்தான் அதன் பலவீனம். முதல் படம் 112 நிமிடம், இது 134.

கோணல் மனிதன் என்ற பேய் வரும் காட்சிகள் எனக்கும் ஒட்டவில்லை. 1977 லண்டன் என்ஃபீல்டின் ஈரம் படிந்த வீட்டில் மெல்லச் சேர்ந்த பயத்தை அந்தப் பொம்மைத்தனமான உருவம் கலைத்துவிடுகிறது. படத்தின் இன்னொரு பேயான கன்னியாஸ்திரி உருவமே போதும்.

ஆனால் போனும் ஒரு காரணமாக இருக்கலாம். இயக்குநர் ஜேம்ஸ் வான் பயத்தைக் காட்சிச் சட்டகத்தின் ஓரத்திலும் பின்னணியிலும் ஒளித்து வைப்பவர். சின்னத் திரையில் அது கண்ணிலேயே படாது.

சோதித்துப் பாருங்கள்: இரவில் விளக்கணைத்து, ஹெட்போன் மாட்டி, பேய்களை ஆராயும் எட் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, பேய் பிடித்த சிறுமி ஜேனட்டிடம் பேசும் காட்சியை மட்டும் பெரிய திரையில் பாருங்கள். பின்னால் மங்கலாகத் தெரியும் அவளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். தொடர் முழுவதிலும் எனக்குப் பிடித்த காட்சி அதுதான். அப்புறம் எட்டின் மனைவி லொரெய்னின் ஓவிய அறைக் காட்சி.

அப்போதும் அசையவில்லை என்றால் முழுப் படத்தையும் திரும்பப் பார்க்க வேண்டாம். நீளத்தைப் பெரிய திரை சரிசெய்யாது.