நாய்க்குட்டிய விட வேணாம், ஆனா இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க

கேள்வி: டொக்டர், நாங்க மட்டக்களப்பு கல்லடி. மகனுக்கு ஏழு வயசு. மாசிக்குள்ள அவன்ட அப்பப்பா காலமாயிட்டார், ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வாவிக்குத் தூண்டில் போடப் போறவங்க. அதுக்குப் பிறகு பிள்ள எங்களோட கதைக்கிறதே குறைஞ்சி போச்சு. இப்ப றோட்டில கிடந்த நாய்க்குட்டி ஒண்டத் தூக்கிட்டு வந்து சாப்பாடு படுக்கை எல்லாம் அதோடதான், அதுக்கிட்ட மட்டும் விடாமக் கதைக்கான். மாமி சொல்றா நாய் மயிர் வயித்துக்குள்ள போனா எடுக்க ஏலாது, முட்டு (இழுப்பு) வரும், கொண்டு விட்டுட்டு வா எண்டு. சின்னனில ரெண்டு தரம் இவனுக்கு முட்டுக்கு ஆஸ்பத்திரியில மருந்துப் புகை பிடிச்சது. போன கிழமை விளையாடக்குள்ள கையில பல்லுப் பட்டு கொஞ்சம் ரத்தம் வந்தது, கோப்பித்தூள் வச்சு விட்டன், காஞ்சிட்டு. குட்டிய என்ன செய்யிற?

பதில்: தங்கச்சி, நீங்க கடைசியில போற போக்கில எழுதின வரியத்தான் நான் முதல்ல எடுக்கன். பல்லுப் பட்டு ரத்தம் வந்ததெண்டா அது நாய்க்கடிதான், சின்னப் பல்லு பெரிய பல்லு எண்டு கணக்கில்ல. எங்கட பக்கம் ஆக்கள் குட்டி நாய்க்கு விசர் (வெறிநோய்) வராது எண்டு நினைக்கிறாங்க, அது பிழை, தாய் எது எண்டே தெரியாத, ஊசி போடாத றோட்டுக் குட்டிக்கும் வரலாம், விசர் வந்த நாயொண்டு அதை ஒருக்காக் கடிச்சிருந்தாப் போதும். காயம் காஞ்சிட்டே எண்டு விடாதீங்க. இந்த வருத்தம் உடம்புக்குள்ள போய்க் காட்டுறதுக்கு அநேகமா ஒண்டில இருந்து மூண்டு மாசம் எடுக்கும், சிலநேரம் அதுக்குக் குறையவும் கூடவும் எடுக்கும், அதால ஒரு கிழமை பிந்திப் போனாலும் ஊசிக்குப் பலன் இரிக்கு. ஆனா காட்டத் தொடங்கினாப் பிறகு எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. அரச ஆஸ்பத்திரியில இந்த ஊசி காசில்லாமத்தான் போடுவாங்க. இண்டைக்கே போங்க, குட்டி எங்க கிடந்தது, எண்டைக்குப் பல்லுப் பட்டது எண்டெல்லாம் சொல்லுங்க, ஊசி எத்தின வேணும் எண்டு அங்கயுள்ள டொக்டர் முடிவெடுப்பார்.

இனிமேல் கடி, கீறல் எது பட்டாலும் சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவுங்க. கோப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் ஒண்டும் வேணாம். கழுவுறதுதான் முதல் மருந்து, ஆனா 15 நிமிசம் ஒரு சின்னப் பிள்ளையப் பைப்படியில நிப்பாட்டி வைக்கிறது லேசில்ல எண்டு எனக்கும் தெரியும்.

குட்டியக் கொண்டு விட வேணாம் எண்டதுக்கு மருத்துவக் காரணமும் இரிக்கு. கடிச்ச நாளில இருந்து 14 நாள் அது கண்ணுக்கு முன்னால இரிக்கணும். விட்டுட்டு வந்தா அது உயிரோட இரிக்கா இல்லையா எண்டு எங்களுக்குத் தெரியாமப் போயிரும். அந்த நாளுக்குள்ள சாப்பிடாமக் கிடந்தா, வாயால எச்சில் ஊத்தினா, காரணமில்லாம ஆக்களக் கடிக்கப் பாஞ்சா, இல்லாட்டி செத்துப் போனா உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க, செத்தா எடுத்தெறியவோ புதைக்கவோ வேணாம், தலைய எடுத்து கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. அதுவரைக்கும் பிள்ளைய அதுக்குக் கிட்ட விடாம வளவுக்குள்ள கட்டி வச்சி பெரியாக்கள் சாப்பாடு வைங்க. பிள்ள தூரத்தில இருந்து கதைக்கட்டும். நாள் முடிஞ்சி குட்டி நல்லா இருந்தா மிருக வைத்தியரிட்டக் காட்டி விசர்நாய் ஊசி போடுங்க, பிறகு வருசா வருசம் போடணும்.

இனி மாமிட கதைக்கு வாறன். மயிர் வயித்துக்குள்ள போனா மலத்தோட வெளியில போயிரும், அவவ அதுக்குப் பயப்பட வேணாமெண்டு சொல்லுங்க. முட்டு வாற பிள்ளைக்குச் சிக்கல் மயிரில்ல, நாய்ட தோலில இருந்து உதிர்ற பொடியும் எச்சிலும்தான். மகனுக்கு முந்தி மருந்துப் புகை பிடிச்சதால 14 நாள் முடிஞ்ச பிறகும் குட்டிய மெத்தைக்குள்ளயும் நுளம்பு வலைக்குள்ளயும் எடுக்க வேணாம், திண்ணையில ஒரு சாக்கு விரிச்சாக் காணும். குட்டி வந்த நாளில இருந்து ராவில இருமல், நெஞ்சுக்குள்ள விசிலடிக்கிற மாதிரிச் சத்தம் கூடினா கொண்டு வந்து காட்டுங்க. ஒண்டு கேக்கன், உங்கட வீட்டில ராவைக்கு நுளம்புத்திரி கொளுத்துறதா? விறகடுப்பா? அதுகள்ட புகைதான் நாயவிட முதல்ல நான் நிப்பாட்டச் சொல்றது.

பூச்சிதான் மாமி கேக்காத கேள்வி. குட்டி நாய்க்கு வட்டப்புழு பிறக்கக்குள்ளயே தாயிட்ட இருந்து வாறது. அதுட முட்டை மலத்தோட மணலில விழுந்து ரெண்டு மூண்டு கிழமையில தொத்துற பருவத்துக்கு வரும், கல்லடி மணல் வளவில கையால அளைஞ்சி விளையாடிட்டுக் கழுவாமச் சோறு தின்ற பிள்ளைக்கு அது வயித்துக்குள்ள போய் ஈரலுக்கு, சிலநேரம் கண்ணுக்கும் போயிரும். கொக்கிப்புழுவும் இரிக்கு, காலுத் தோலுக்குள்ள பாம்பு போன தடம் போல வளைஞ்சி வளைஞ்சி ஒரு சிவப்புக் கோடு, சரியான அரிப்பு, ராவில சொறிஞ்சே பிள்ள நித்திர கொள்ளாது. அதால குட்டிக்குப் பூச்சி மருந்து, மலத்த அண்டண்டைக்கே அள்ளிப் புதைக்கிறது, பிள்ளைக்குச் செருப்பு.

பிள்ள குட்டியோட கதைக்கிறத நீங்க குறைபோல எழுதியிருக்கீங்க, எனக்கு அது நல்ல குறி. அமெரிக்காவில போறிஸ் லெவின்சன் எண்ட பிள்ளைகள்ட மனநல நிபுணர், பெரியாக்களோட வாயே திறக்காத பிள்ளை லெவின்சன்ட நாயோட சேந்து விளையாடுறதக் கண்டுதான் நாயையும் வைத்தியத்துக்குள்ள சேத்தார், 1962லயே அதப்பற்றி எழுதினவர். நாய் "ஏன் அழுறாய்", "ஆம்பிளப் பிள்ள அழலாமா" எண்டெல்லாம் கேக்காது. அப்பப்பா தூண்டில்ல புழுக் குத்தினது, மீன் கழண்டு போனது எல்லாத்தையும் திருப்பித் திருப்பிச் சொன்னாலும் கேட்டுட்டே இருக்கும், எங்களுக்கு அந்தப் பொறுமை இல்ல. ஆனா அதுக்கெண்டு எல்லாத்தையும் நாயிட்ட விட்டுட்டு நீங்க ஒதுங்கி இரிக்கவும் ஏலாது. அவன் குட்டிக்குக் கதை சொல்லக்குள்ள நீங்களும் கிட்டப் போய் மீன் ஆயிற சாட்டில இருங்க, கேள்வி கேக்காதீங்க. இன்னும் ரெண்டு மாசத்திலயும் பள்ளிக்கூடம் போக மாட்டன் எண்டு நிண்டாலோ, சாப்பாடு குறைஞ்சி மெலிஞ்சாலோ, திரும்பப் படுக்கையில மூத்திரம் போனாலோ பிள்ளைகள் கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க.