தையல் இல்லாம கம்பளி எப்படி ஒட்டுது?

கேள்வி: ஏழெட்டு பேர் சேர்ந்து கம்பளியிலயே ஆளுயர குதிரை சிலை செய்யற வீடியோ பார்த்தேன். ஆளுக்கொரு பாகம் செஞ்சு கடைசில சேர்க்கறாங்க, தையலும் இல்ல பசையும் இல்ல, எப்படிங்க?
– ஒரு வாசகி

பதில்: செம்மறி ஆட்டு மயிரை மைக்ராஸ்கோப்ல பாத்தா மீனுக்கு இருக்கற மாதிரி செதில் தெரியும்ங்க, சுடுதண்ணி சோப்பு ஊத்தி தேய்ச்சா அது ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது. சிலைக்கு பெரும்பாலும் தண்ணி கிடையாது, பக்கவாட்டுல சின்ன சின்ன வெட்டு இருக்கற ஊசியால குத்திக்கிட்டே இருந்தா அது மேல இருக்கற இழைய உள்ள இழுத்துட்டு போயிடும். விஷயமே ஓரத்துலதான். காலோட மேல் ஓரத்த குத்தாம பஞ்சா விட்டுடுவாங்க, அத உடம்புல பரப்பி வெச்சு குத்தினா முடிஞ்சுது, மேல ஒரு லேயர் கலர் கம்பளி போட்டா ஒட்டு தெரியாது. ஆனா ஒருத்தர் கை இறுக்கம் இன்னொருத்தருக்கு வராதே, ஒரு கால் கல்லு மாதிரி இன்னொண்ணு தொளதொளன்னு நிக்கும், அதனால கடைசி ரவுண்டு ஒரே ஆள் பாக்கறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன்.

கூட்டா செய்யறது புதுசும் இல்ல. கிர்கிஸ்தான்ல பொம்பளைங்க சேர்ந்து நாணல் பாய்ல கலர் கம்பளிய அடுக்கி, சுடுதண்ணி ஊத்தி, சுருட்டி, உருட்டி 'அலா கியிஸ்' விரிப்பு செய்வாங்க, 2012ல யுனெஸ்கோ அத அவசரமா காப்பாத்த வேண்டிய லிஸ்ட்ல சேர்த்துச்சு.

நீங்க ட்ரை பண்றதுன்னா ஊசிய சாய்க்காம நேரா குத்தி நேரா எடுங்க, இல்லன்னா பட்டுன்னு ஒடையும். சூப்பர்வாஷ் கம்பளி வாங்கிடாதீங்க, மெஷின்ல துவைச்சாலும் சிக்கி சுருங்கக்கூடாதுன்னு அதோட செதில மழுக்கிடுவாங்க, சரியா ஒட்டாது.