பதில்: வீட்டுத்திட்ட வீட்டில் மனம் ஒட்டவில்லை

கிளிநொச்சியில் கிடைத்த வீட்டுத்திட்ட வீடு பிடிக்கவில்லை, பின்னேர வெயில் மேற்குச் சுவரைச் சுடுகிறது, உள்ளே பெயின்ற் அடியிலிருந்து உரிகிறது என்கிறீர்கள்.

பெயின்றை இப்ப விடுங்கோ. மேற்குச் சுவரோடு முதலில் ஒரு கிடுகுப் பத்தி, அதாவது சுவரிலிருந்து சரிந்து இறங்கும் ஓலைக் கூரை, இறக்குங்கோ. 5 அடி அகலத்துக்கு 3 அடியாவது சரிவு வேணும்; குறைந்தால் மாரி மழை தங்கிக் கிடுகு உக்கிப் போகும். தகரம் போட்டால் வெக்கைதான் மிச்சம். கால்களை மண்ணில் நட்டால் கறையான் விடாது, சீமெந்துக் கட்டையில் நிறுத்துங்கோ. பத்திக்குள்ளே 18 அங்குல உயரத்தில் ஒரு திண்ணை கட்டினால், பின்னேரத் தேத்தண்ணி அங்கேதான்.

பெயின்ற் உரிவது நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தாலும் உப்பாலும். எமல்ஷன் பெயின்ற் அந்த ஈரத்தை வெளியே விடாமல் அடைக்கும். திரும்ப அடித்தாலும் திரும்ப உரியும். உரிந்த பகுதியை முழுக்கச் சுரண்டுங்கோ, பழைய பெயின்றின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. வெள்ளையாய்ப் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டுங்கோ. கழுவினால் உப்புக் கரைந்து சுவருக்குள்ளேயே போகும். மழை விட்டுச் சுவர் காய்ந்த பிறகு, லேசாக நனைத்து, பால்போலக் கரைத்த சுண்ணாம்பை மூன்று தரம் அடியுங்கோ. தடிப்பாக அடித்தால் பொருக்காகக் கழரும். நிறத்துக்குக் காவி கலக்கலாம், சுண்ணாம்பில் பத்தில் ஒரு பங்குக்குள்; கூடினால் சட்டையில் ஒட்டும்.

நிழலுக்கு வேம்பு வைப்பதென்றால் சுவரிலிருந்து நல்லாத் தள்ளி வையுங்கோ.