ஊசியை ஏன் நரம்பில் போடுகிறார்கள், இடுப்பில் போட்டால் போதாதா?

பில் ஏற்றத்தான் நரம்பைத் தேடிக் குத்துகிறார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் போல. நான் டாக்டரோ நர்ஸோ இல்லை. எங்கப்பாவோடு ஆறு நாள் வார்டில் உட்கார்ந்திருந்தவள். தப்பிருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

நாங்கள் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கோவிந்தாபுரம் பக்கம். முதலமடையில் மாந்தோப்புச் சருகு கூட்டும்போது அப்பாவுக்குக் கணுக்காலில் சுருக்கென்றது. முள் என்றே நினைத்தோம். கிளினிக்கிலும் அப்படியே சொன்னோம், வலிக்கு இடுப்பில் ஊசி போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் சருகுக்குள் கண்ணாடி விரியனைப் பார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ஊசி போட்ட இடம் கைமுட்டி அளவு கறுத்து வீங்கிவிட்டது. விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. சதையில் குத்தினால் உள்ளுக்குள்ளேயே கசிந்து கட்டிக்கொள்ளும். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்தார்கள். தண்ணீராகவே நின்றது.

விஷமுறிவு மருந்து 10 குப்பி, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுவதாக ஆரம்பித்தார்கள். நரம்பு என்று நாம் சொல்வது, மலையாளத்திலும் ஞரம்புதான், உண்மையில் சிரை என்கிற ரத்தக்குழாய். அதில் போனது இதயம், நுரையீரல், மறுபடி இதயம் என்று சுற்றி ஒரு நிமிஷத்துக்குள் உடம்பெங்கும் சேர்ந்துவிடும். மாத்திரை குடலில் கரைந்து கல்லீரலைத் தாண்ட வேண்டும். சதையில் போட்டது மெல்லத்தான் ஊறும். விஷம் ரத்தத்தில் ஓடும்போது அதற்கெல்லாம் நேரமேது?

அந்த வேகத்தில் ஆபத்தும் உண்டு. ஏறியதைத் திரும்ப எடுக்க முடியாது. கால் மணி நேரத்தில் மருந்து ஒத்துக்கொள்ளாமல் அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுத்தது. நர்ஸ் ட்ரிப்பை நிறுத்தி, அதை அடக்கும் அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டார். இதை மட்டும் ஏன் தொடையில் என்று பிறகு கேட்டேன். நரம்பில் சட்டென்று ஏற்றினால் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடுமாம். கொஞ்சம் அடங்கியதும் மெதுவாக மறுபடி ஏற்றினார்கள். அப்பா பிழைத்தார்.

தடிப்பை முதலில் பார்த்துக் கத்தியது நான். அப்படி வரலாம் என்று எனக்குச் சொன்னது பக்கத்து பெட் அம்மாவின் மகள். கையெழுத்துப் போடச் சொன்ன தாள் முழுக்க மலையாளம், அவள்தான் படித்துக் காட்டினாள். சித்தூர் தாலுகாவில் தமிழர் இத்தனை பேர் இருக்கிறோம். தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். அப்பா உயிர் சம்பந்தப்பட்ட தாளைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துத் தந்தால் என்ன? இன்றைக்கும் ஆறவில்லை.

அதற்காக நரம்பில் போடுவதெல்லாம் உசத்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அசதிக்குக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அந்த அரை லிட்டர் 5 சதவீத பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. வாயால் குடிக்க முடிகிறவருக்கு அது எதற்கு?

இன்னொன்று. கையில் ஒட்டியிருப்பதில் ஊசி இல்லை, அதை உருவிவிடுவார்கள், மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் உள்ளே இருக்கும். அந்த இடம் வீங்கினாலோ எரிந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து குழாயை விட்டுச் சதைக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம்.