பென்ஷன் திட்டத்தை மாற்றும்போது எங்களையும் கேட்க வேண்டாமா?

கேள்வி: நான் வேலை பார்த்த நிறுவனம் நடத்தும் பென்ஷன் திட்டத்தில் பற்றாக்குறையாம். நிர்வாகமும் தொழிற்சங்கமும் பேசி முடித்துவிட்டு, இனி வருடாந்திர உயர்வு கிடையாது என்று எங்களுக்கு ஒரு கடிதம் மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். சங்கத்தில் கேட்டால் "நீங்கள் இப்போது உறுப்பினர் இல்லையே" என்கிறார்கள். எங்கள் பணத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு இடமே இல்லையா?

பதில்: இருக்கவே வேண்டும் ஐயா. பென்ஷன் என்பது நீங்கள் உழைத்த காலத்தில் கொடுக்காமல் பின்னால் தருவதாகச் சொன்ன சம்பளம். வேலையில் இருப்பவர் பிடிக்காவிட்டால் வேலைநிறுத்தம் செய்யலாம், வேறு வேலைக்குப் போகலாம், எழுபது வயதுக்காரர் என்ன செய்வார்?

வருடாந்திர உயர்வுதானே, போனால் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். விலைவாசி வருடத்துக்கு 3 சதவீதம் ஏறினால் கூட, இன்று 100 கொடுத்து வாங்குவதை 20 வருடம் கழித்து 180 கொடுத்துத்தான் வாங்க முடியும். கையில் வரும் தொகை அப்படியே இருக்கும், வாங்கும் சக்தி மட்டும் பாதியை நெருங்கிவிடும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் 2006இல் வந்த விதிப்படி, முக்கியமான மாற்றம் என்றால் நிறுவனம் குறைந்தது 60 நாள் கருத்துக் கேட்க வேண்டும், ஆனால் அது திட்டத்தில் இப்போது இருக்கும் ஊழியர்களிடமும் இனி சேரப்போகிறவர்களிடமும்தான். ஓய்வு பெற்றவர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை! அதே நாட்டின் 2004 சட்டம், திட்டத்தின் பணத்தைப் பொறுப்பேற்று நிர்வகிக்கும் டிரஸ்டிகளில் மூன்றில் ஒரு பங்காவது உறுப்பினர்கள் முன்மொழிந்தவர்களாக இருக்க வேண்டும், அந்தத் தேர்வில் பென்ஷன்தாரர்களையும் சேர்க்க வேண்டும் என்கிறது. நெதர்லாந்தில் 2023 முதல் பழைய திட்டங்களைப் புதிய முறைக்கு மாற்றுகிறார்கள். மாற்றத் திட்டம் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையை ஓய்வூதியர் சங்கங்களுக்குச் சட்டமே கொடுத்திருக்கிறது. அது முடிவைத் தடுக்கும் அதிகாரம் (வீட்டோ) இல்லை என்றாலும் முடிவெடுப்பதற்கு முன்பே கேட்கிறார்கள் என்பது பெரிய விஷயம்.

அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். நொடிக்கும் நிலையில் இருந்த, பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் திட்டங்களில் பென்ஷனைக் குறைக்க 2014இல் ஒரு சட்டம் வந்தது. உறுப்பினர் வாக்கெடுப்பு உண்டு, ஆனால் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் "வேண்டாம்" என்று வாக்களித்தால்தான் வெட்டு நிற்கும், அதாவது வாக்குச் சீட்டைப் பிரிக்காமல் மேஜையில் போட்டுவைத்தவரும் சம்மதித்தவர் கணக்குதான். நான்கு லட்சம் பேர் கொண்ட சென்ட்ரல் ஸ்டேட்ஸ் என்ற லாரி ஓட்டுநர் பென்ஷன் நிதி இந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தது. ஓய்வு பெற்றவர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். 2016 மே மாதம் கருவூலத் துறை அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உடன் ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்து ஒரு குழு அமையுங்கள், தனித்தனியாக எழுதும் மனுவுக்கு மரியாதை குறைவு. அப்புறம் டிரஸ்டிகளிடம் எழுத்து மூலமாகத் திட்டத்தின் விதிகள் அடங்கிய பத்திரத்தையும், ஆக்சுவரி (நிதியில் இருப்பதையும் இனி தர வேண்டியதையும் கணக்கிடும் நிபுணர்) கடைசியாகப் போட்ட மதிப்பீட்டையும் கேளுங்கள். பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். வருடாந்திர உயர்வு "வழங்கப்படும்" என்று இருக்கிறதா, "வழங்கலாம்" என்று இருக்கிறதா என்பதில்தான் உங்கள் வழக்கே அடங்கியிருக்கும். பர்னார்டோஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் வருடாந்திர உயர்வைக் கணக்கிட வேறு விலைக் குறியீட்டுக்கு மாறலாமா என்ற கேள்வி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல் விதியின் ஒரு சொற்றொடருக்கு என்ன பொருள் என்பதை வைத்தே மாற முடியாது என்று தீர்ப்பானது. கணக்கைச் சரிபார்க்க உங்கள் தரப்புக்குத் தனி ஆக்சுவரி வேண்டும், அவருக்கான கட்டணத்தைத் திட்டமே தர வேண்டும் என்று கேளுங்கள். நிர்வாகத்தின் ஆக்சுவரி போட்ட கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: "நீங்கள் வாங்கியது போதும், எங்களுக்கும் மிச்சம் வையுங்கள்" என்று வேலையில் இருக்கும் பிள்ளைகள் சொல்கிறார்களே, அதிலும் நியாயம் இருக்கிறதுதானே?

பதில்: நிச்சயமாக இருக்கிறது அம்மா. அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்ட் கிரிஸ்டல் என்ற கண்ணாடிப் பொருள் நிறுவனம் 2009இல் திவாலானபோது, அப்போதிருந்த விதிப்படி நிதியில் ஓய்வு பெற்றவர்களுக்கே முதலிடம். காலமெல்லாம் உழைத்தும் இன்னும் ஓய்வு வயதை எட்டாதவர்களுக்குச் சேர வேண்டியதில் பாதிகூடத் தேறாத நிலை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2013இல் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். அதே வருடம் அயர்லாந்து சட்டத்தை மாற்றியது. நிறுவனம் நன்றாக நடந்தும் திட்டம் மட்டும் நொடித்துக் கலைக்கப்பட்டால், வருடத்துக்கு 12,000 யூரோ வரையுள்ள பென்ஷனில் கை வைக்கக் கூடாது, 60,000 யூரோ வரை 10 சதவீதத்துக்கு மேல் வெட்டக் கூடாது, அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு 20 சதவீதம் வரை என்று வரம்பு வைத்தது. சின்ன பென்ஷனைக் காப்பாற்றிவிட்டு மற்றவர்கள் சுமையைப் பகிர்வதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பங்கீட்டைப் பேசும் மேஜையில் இரு தலைமுறையும் இருக்க வேண்டும், நிறுவனம் தன் பங்காக எவ்வளவு போடுகிறது என்பதை இருவரும் சேர்ந்தே முதலில் கேட்க வேண்டும்.